சின்னாறு முதல் வாளையார் வரை: புதிய தேள் இனங்களை அறிதலும் வகைப்படுத்தலும்

2015-இல் இடுக்கி மாவட்டத்தின் சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்திலிருந்து சிறிய தேள் ஒன்று அறிவியல் ஏட்டில் ஏறியது. அஸ்வதி, சுரேஷன், லூரென்சோ ஆகிய மூவர் அதற்கு 'புத்தோஸ்கார்ப்பியோ சின்னாரென்சிஸ்' என்று பெயரிட்டார்கள். உடுமலையிலிருந்து மூணாறு செல்லும் பேருந்து நாள்தோறும் கடந்துபோகும் காடு அது. யானைக்காகவும் நட்சத்திர ஆமைக்காகவும் சாம்பல்நிற மலையணிலுக்காகவும் பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் நடந்து பார்த்த இடம். அந்தக் காட்டிலேயே ஒரு தேள் பெயரின்றி இருந்தது என்றால், ஆய்வாளர் கால்படாத மற்ற இடங்களில் என்னென்ன இருக்கும் என்று கேட்கத் தோன்றுவது இயல்பு.

இந்தக் கட்டுரை மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் கிழக்கே கேரள, தமிழக எல்லையிலுள்ள இந்த மலைப்பகுதி ஏன் புதிய தேள்களைத் தருகிறது? ஒரு தேள் புதியது என்று எதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள்? அப்படி வைத்த பெயர்கள் எவ்வளவு காலம் நிற்கின்றன? மூன்றாவது கேள்விதான் பொதுவாகக் கேட்கப்படாமல் போகிறது. செய்தித்தாளில் 'புதிய தேள் கண்டுபிடிப்பு' என்று வரும்போது வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் அங்கேதான் வழக்கு தொடங்குகிறது.

நிலத்தின் அமைப்பு

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. இடையில் திருச்சூரும் எர்ணாகுளமும் இருக்கின்றன. ஆனால் இரண்டின் கிழக்கு விளிம்பும் தமிழ்நாட்டைத் தொடுகிறது. வாளையார், முதலமடை, நெல்லியாம்பதி, பரம்பிக்குளம் ஒரு பக்கம். சின்னாறு, மறையூர், வட்டவடை, போடிமெட்டு, குமுளி மறுபக்கம். இந்த இரண்டையும் ஆனைமலைத் தொடர் இணைக்கிறது. பரம்பிக்குளத்துக்குச் சாலைவழி போக வேண்டுமானால் கேரளத்தாரும் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத்தான் சுற்றி வர வேண்டும். எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறது. காடு ஒன்றாகத்தான் இருக்கிறது.

இந்த ஒரே தொடருக்குள் மழை மாறும் வேகம் வியப்பானது. மூணாறு மலைகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. அங்கிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வந்தால் சின்னாறு. மழைமறைவுப் பகுதியான அங்கே ஆண்டு மழை சராசரியாக 500 மில்லிமீட்டர் அளவுதான். மேலே 2,695 மீட்டர் உயர ஆனைமுடியும் அதைச் சூழ்ந்த சோலையும் புல்வெளியும்; கீழே முட்புதரும் பாறையும். வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாமல் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய்.

தேளின் வாழ்க்கை முறையை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தேளுக்கு இறக்கை இல்லை. சிலந்திக்குஞ்சுபோல நூல்விட்டுக் காற்றில் மிதந்து போகவும் முடியாது. அது முட்டையிடாமல் குட்டி போடுகிறது. கரு வளரப் பல மாதங்கள் ஆகும். பிறந்த குட்டிகள் முதல் தோலுரிப்பு வரை தாயின் முதுகிலேயே கிடக்கும். பல இனங்கள் ஒரே வளை, ஒரே பாறையிடுக்கு என்று வாழ்நாளைக் கழித்துவிடும். இப்படிப்பட்ட உயிர் ஒரு பள்ளத்தாக்கில் தங்கிவிட்டால் தலைமுறை தலைமுறையாகப் பக்கத்து மலையோடு தொடர்பில்லாமல் தனித்து மாறிக்கொண்டே போக வாய்ப்புண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர் மார்க் ஹார்வி 2002-இல், பரவல் 10,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான உயிர்களைக் 'குறும்பரப்பு உயிர்கள்' என்று தனியாகக் கருத வேண்டும் என்று முன்வைத்தார். பாலக்காடு, இடுக்கி இரண்டின் மொத்தப் பரப்பும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். ஒரு தேள் இனம் தோன்றி வாழ்ந்து மறைய இவ்வளவு நிலமே போதும்.

கணவாயின் பங்கு இன்னும் நுட்பமானது. சோலைக்காட்டில் வாழும் சிறு நீலப் பறவைகளில் கணவாய்க்கு வடக்கே ஒரு சிற்றினமும் தெற்கே வேறு சிற்றினங்களும் இருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. குளிர்ந்த ஈரக்காட்டை விட்டு இறங்காத உயிருக்குக் கணவாய் ஒரு மதில். ஆனால் வறண்ட நிலத்தில் வாழும் தேளுக்கு அதே கணவாய் கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்து மேற்கே வர ஒரு பாதை. ஆகவே 'கணவாய் இனங்களைப் பிரித்தது' என்ற ஒற்றை விடை தேள்களுக்குப் பொருந்தாது. எந்தத் தேள், எந்த வாழிடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். சின்னாறு தேளின் பேரினமே இதற்குச் சான்று. புத்தோஸ்கார்ப்பியோவின் உறவினங்கள் ஆந்திரத்திலும் இலங்கையிலும் இருக்கின்றன. மூணாற்றின் ஈரக்காட்டைவிடக் கிழக்கே விரிந்த வறண்ட தீபகற்பத்தோடுதான் சின்னாற்றுக்குச் சொந்தம் அதிகம்.

பழைய பெயர்களின் சுமை

தென்னிந்தியத் தேள்களுக்குப் பெயரிடும் வேலை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ் 1798-இல் இந்தியச் செந்தேளுக்கு 'டாமுலஸ்' என்ற பெயரைக் கொடுத்தார். அடுத்த நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் அமர்ந்துகொண்டு இந்தியத் தேள்களை ஒழுங்குபடுத்தியவர் ஆர். ஐ. போக்காக். பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் 1900-இல் அவர் எழுதிய தொகுதி இன்றும் மேசையில் இருக்க வேண்டிய நூல். அவருக்கு மாதிரிகளை அனுப்பியவர்களில் திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த ஃபெர்குசன் ஒருவர். 1899-இல் போக்காக் பெயரிட்ட 'கைரோமாக்கெட்டஸ் ஃபெர்குசோனி' அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஹெண்டர்சன் தாமே தென்னிந்தியத் தேள்களை விவரித்து 1919-இல் எழுதினார்.

அதன் பிறகு நீண்ட இடைவெளி. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் டிக்கேதரும் பஸ்தவாடேயும் 1983-இல் இந்தியத் தேள்கள் முழுவதையும் ஒரே தொகுதியில் கொண்டுவந்தார்கள். நாட்டிலுள்ள ஒவ்வொரு தேளாய்வும் அதிலிருந்துதான் தொடங்குகிறது, அதோடு மாறுபடுவதாக இருந்தாலும்.

இந்த மரபில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சிற்றினத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரே ஒரு உடல் மூலமாதிரியாகக் குறிக்கப்படுகிறது. பின்னால் யார் சந்தேகப்பட்டாலும் நிலத்தகராறில் மூலப்பத்திரத்தைத் தேடுவதுபோல அந்த உடலிடம்தான் திரும்பிப் போக வேண்டும். தென்னிந்தியத் தேள்களின் பழைய மூலமாதிரிகளில் பல ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் சாராயக் குப்பியில் இருக்கின்றன. சீட்டில் 'திருவிதாங்கூர்', 'நீலகிரி', 'மெட்ராஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும். எந்த மலை, எந்த உயரம் என்று இருக்காது. சாராயத்தில் நிறமும் மங்கிவிடும். இன்று நெல்லியாம்பதியில் ஒரு கருந்தேளைப் பிடித்தவர் அது பழைய பெயருக்குரியதா, புதியதா என்று சொல்ல, கடல் கடந்து கிடக்கும் அந்த உடலோடு ஒப்பிட்டாக வேண்டும். ஒப்பிடாமல் வைத்த பெயர்கள் பிற்காலத்தில் கழிக்கப்படுவதற்கு இதுவே முதற்காரணம்.

எதைப் பார்த்துப் பிரிக்கிறார்கள்?

வீட்டில் தேளைப் பார்த்தால் நாம் கவனிப்பது நிறமும் அளவும். வகைப்பாட்டில் இவ்விரண்டும் நம்பத்தகாதவை. குட்டிப் பருவத்தில் ஒரு நிறம், தோலுரித்த புதிதில் ஒரு நிறம், முதிர்ந்தபின் ஒரு நிறம். ஆணும் பெண்ணும் உருவத்தில் மாறுவதால் ஒரே சிற்றினத்தின் இருபாலுக்கும் இரண்டு பெயர் வைத்த கதைகள் உலகெங்கும் உண்டு.

ஆய்வாளர் முதலில் தேளைப் புரட்டுகிறார். வயிற்றுப்புறத்தில் கால்களுக்கு நடுவே உள்ள மார்புத்தகடு முக்கோணமாக இருந்தால் பெரும்பாலும் அது செந்தேள் சேர்ந்த பூத்திடே குடும்பம். ஐங்கோணமாக இருந்தால் வேறு குடும்பங்கள். அதற்குப் பின்னே சீப்புபோன்ற இரண்டு உறுப்புகள் உண்டு. தரையின் மணத்தையும் தன்மையையும் அறியத் தேள் பயன்படுத்தும் இந்தச் சீப்பின் பற்களை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை ஆணுக்குக் கூடுதலாகவும் பெண்ணுக்குக் குறைவாகவும் இருப்பது வழக்கம். கிடுக்கிகளின் முகடுகள், விரல்களின் உட்புறத்துப் பல்வரிசை, வால் கண்டங்களின் வரம்புகள், கொடுக்கின் அடியில் சிறு முள் இருக்கிறதா என்பது ஆகியவை அடுத்தடுத்துப் பதிவாகும். சின்னாறு தேளின் பேரினத்தை அடையாளம் காட்டுவதில் வால் கண்டங்களிலுள்ள குழிப்புள்ளிகளுக்கு இடமுண்டு.

எல்லாவற்றிலும் நுட்பமானது கிடுக்கியிலுள்ள உணர்மயிர்கள். காற்றின் மெல்லிய அசைவையும் அறியும் இந்த மயிர்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட இடத்தில் ஒரு சிறு குழியிலிருந்து முளைக்கின்றன. பாரிஸ் அருங்காட்சியகத்தின் மாக்ஸ் வஷோன் 1974-இல் இவற்றின் இடங்களுக்குப் பெயரும் வரிசையும் கொடுத்தார். மயிர் உதிர்ந்தாலும் குழி இருக்கும். அதனால் நூறாண்டு பழைய உடலிலும் அதை எண்ணிவிடலாம்.

களத்தில் தேடும் முறையையே மாற்றியது புறஊதா விளக்கு. தேளின் மேல்தோலில் உள்ள வேதிப்பொருள்கள் புறஊதா ஒளியில் பச்சை கலந்த நீலமாக ஒளிர்கின்றன. நிலவில்லாத இரவில் கையடக்க விளக்கோடு நடந்தால் பகலில் கல்லைப் புரட்டிக் கிடைப்பதைவிடப் பல மடங்கு தேள்கள் கண்ணில் படும். மரப்பட்டையிலும் பாறை முகத்திலும் வாழும் மெலிந்த சிறு இனங்கள் இந்த விளக்கு வந்தபின்தான் அதிகம் வெளிப்பட்டன. ஆனால் விளக்குக்கும் வரம்பு உண்டு. அப்போதுதான் தோலுரித்த தேள் ஒளிராது. வளையை விட்டு வெளிவராத தேள் விளக்கில் சிக்காது.

இரண்டு வழக்குகள்

பெயர் எப்படி ஆடும் என்பதற்குப் பெரிய கருந்தேள்களே நல்ல எடுத்துக்காட்டு. தமிழில் நட்டுவாக்காலி என்றும் எல்லையின் இருபுறமும் கருந்தேள் என்றும் சொல்லப்படும் இவற்றை நெடுங்காலம் 'ஹெட்டரோமெட்ரஸ்' என்ற ஒரே பேரினத்தில் அடக்கியிருந்தார்கள். நெதர்லாந்தின் கௌசெய்ன் 1981-இல் அதைத் துணைப்பேரினங்களாகப் பிரித்தார். செக் நாட்டின் கோவாரிக் 2004-இல் மறுபடி ஆராய்ந்து ஏழு புதிய சிற்றினங்களைச் சேர்த்தார். 2020-இல் நியூயார்க் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பிரெண்டினியும் லோரியாவும் முழுக்கூட்டத்தையும் பிரித்து அடுக்கினார்கள். கௌசெய்னின் துணைப்பேரினங்கள் சில முழுப்பேரினங்களாயின; மேற்குத் தொடர்ச்சி மலைக்குரியவற்றுக்கு 'சாஹ்யாத்ரிமெட்ரஸ்', தக்காணத்துக்குரியவற்றுக்கு 'டெக்கனோமெட்ரஸ்' எனப் புதுப்பேரினங்கள் வந்தன. உலகின் மிகப்பெரிய தேள்களில் ஒன்றான நம் ஊர் நட்டுவாக்காலி 'ஜைகாண்டோமெட்ரஸ் சுவாமர்டாமி' ஆயிற்று. 2019-இல் அச்சான பாடநூலிலுள்ள பெயர் மறு ஆண்டே பழையதாகிவிட்டது.

இரண்டாவது வழக்கு கேரளத்துக்கே உரியது. பஸ்தவாடே, சுரேஷன், ராதாகிருஷ்ணன் மூவரும் 2005-இல் கேரளத்திலிருந்து 'ருகோடெண்டஸ் கேரளேன்சிஸ்' என்ற தேளை விவரித்தார்கள். அவர்கள் அதற்குச் சிற்றினமும் பேரினமும் மட்டும் வைக்கவில்லை. 'ருகோடெண்டிடே' என்று தனிக் குடும்பமே அமைத்தார்கள். ஒரு புதிய தேள் குடும்பம் என்பது உலக அளவில் அரிய நிகழ்ச்சி. அந்தக் குடும்பம் பின்னர் தன் தகுதியை இழந்தது. 2020-இல் பிரெண்டினியும் லோரியாவும் அதே ஆய்வில் அதை மீட்டு நிறுவினார்கள். பதினைந்து ஆண்டுகளில் ஒரே உடல் மூன்று தீர்ப்புகளைச் சந்தித்தது. இதைக் குழப்பம் என்று கேலி செய்யத் தேவையில்லை. மூலமாதிரி பாதுகாப்பாக இருந்தால்தான் இப்படிப்பட்ட மேல்முறையீடு செல்லுபடியாகும்.

மரபணு என்ன சொல்கிறது?

உடலைப் பார்த்து முடிவு கட்ட முடியாத இடத்தில் மரபணுவைப் பார்க்கலாம் என்பது இன்றைய வழி. ஒரு காலின் துண்டு போதும். மைட்டோகாண்ட்ரியாவின் சில மரபணுக்களை வாசித்து வேறுபாட்டு விழுக்காட்டைக் கணக்கிடலாம். இந்தியாவின் பூத்திடே குடும்பத் தேள்களுக்கான முதல் மரபணுக் குடிவழி ஆய்வு 2017-இல்தான் வெளிவந்தது என்பதிலிருந்து இந்தத் துறை எவ்வளவு இளையது என்று தெரியும்.

ஆனால் தேளுக்கு இந்த அளவுகோலை அப்படியே வைத்தால் ஏமாற்றும். நகராத உயிர் என்பதால் பக்கத்துப் பக்கத்து மலைகளில் உள்ள ஒரே சிற்றினத்தின் கூட்டங்களே மரபணுவில் நன்கு விலகியிருக்கும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவதால் ஆண்கள் மலைதாண்டிப் போயிருந்தாலும் அது காட்டாது. விழுக்காடு கூடுதல் என்பதற்காக ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு பெயர் வைத்தால் பட்டியல் நீளும், அறிவு நீளாது. மறுபுறம், தோற்றத்தில் ஒன்றுபோலிருந்து மரபணுவில் பிரிந்து நிற்கும் மறைசிற்றினங்களும் உண்டு. உடல், மரபணு, வாழிடம் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டும்போது வைக்கும் பெயர்தான் நிற்கும். ஒன்றிரண்டு உடல்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே பாலை மட்டும் பார்த்து, ஒரே இடத்திலிருந்து எழுதிய விவரிப்புகளை நாம் ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

பெயரால் என்ன பயன்?

விவசாயக் கூலிக்கும் ஏலத்தோட்டத் தொழிலாளிக்கும் இந்த லத்தீன் பெயர்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் செந்தேளே பதில். ஃபாப்ரீசியஸ் பெயரிட்ட அந்தத் தேள் பேரினம் பேரினமாக மாறி, மருத்துவ நூல்களில் 'மீசோபூத்தஸ் டாமுலஸ்' என்று வழங்கி, 2007-இல் கோவாரிக்கின் ஆய்வால் 'ஹாட்டென்டாட்டா டாமுலஸ்' ஆனது. போக்காக் பிரித்த வட்டார உட்சிற்றினங்கள் அனைத்தையும் கோவாரிக் ஒன்றாக்கினார். ஆனால் மகாராட்டிரத்தின் கடற்கரைச் செந்தேளுக்கும் தக்காணச் செந்தேளுக்கும் நஞ்சில் வேறுபாடு உண்டு என்று ஆய்வுகள் கூறுகின்றன. ஒரு வட்டாரத் தேளின் நஞ்சிலிருந்து செய்த நஞ்சுமுறி மற்ற வட்டாரத்தில் அதே அளவுக்கு வேலை செய்யுமா என்ற கேள்வி வகைப்பாட்டிலிருந்துதான் கிளம்புகிறது.

மகாராட்டிரத்தின் மகாட் ஊரைச் சேர்ந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பிரசோசின் என்ற மலிவான மாத்திரை செந்தேள் கடியில் இதயத்தைக் காப்பதை 1986-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். அதன்பின் அந்தப் பகுதியில் சாவு பல மடங்கு குறைந்தது. யாழ்ப்பாணத்தில் செந்தேள் இருப்பதை இலங்கை மருத்துவர்களும் கோவாரிக்கும் சேர்ந்து 2013-இல் முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். கடித்த தேளுக்குச் சரியான பெயர் சொல்ல ஆள் இருந்ததால்தான் அங்கே மருத்துவத்தின் திசை தெளிவானது. பெரிய நட்டுவாக்காலியைக் கண்டு நடுங்குவதும் மெலிந்த கிடுக்கியும் தடித்த வாலும் கொண்ட சிறு செந்தேளை அலட்சியம் செய்வதும் நம் ஊர்களில் வழக்கம். ஆபத்து நேர்மாறானது.

பாதுகாப்புக்கும் பெயர் வேண்டும். பெயரில்லாத உயிருக்காக எந்த அனுமதியும் மறுக்கப்படாது. குவாரி வந்தாலும், சாலை விரிந்தாலும், பாறை உடைந்தாலும் இழப்புக் கணக்கில் அது வராது. இந்த எல்லைப்பகுதியில் ஆய்வுகள் பெரும்பாலும் சரணாலயங்களுக்குள்ளேயே நடக்கின்றன. முதலமடையின் மாந்தோப்பு ஓரப் பாறைகள், பாலக்காட்டுச் சித்தூரின் பனங்காட்டுத் தரிசுகள், போடிமெட்டுச் சரிவுகள் ஆகியவை தேளுக்கு ஏற்ற இடங்கள். ஆனால் எந்தக் காப்பும் இல்லாதவை.

சட்டமும் எல்லையும்

2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி, புதிய உயிரினம் எதைக் கண்டறிந்தாலும் அதன் மாதிரியை அரசு அறிவித்த காப்பகத்தில் வைத்தாக வேண்டும். மூலமாதிரிகள் வெளிநாடு போய்ச் சேர்ந்த காலத்துக்கு இது சரியான முற்றுப்புள்ளி. ஆனால் அதே சட்டத்தால் மாதிரிகளை ஒப்பீட்டுக்காக வெளியே அனுப்புவது கடினமாகியிருக்கிறது. பழைய உடல்கள் அங்கே, புதிய உடல்கள் இங்கே என்ற நிலையில், இரண்டையும் ஒரே மேசையில் வைக்கும் வாய்ப்பு அரிதாகிறது. உயர்தரப் படங்களையும் அளவுகளையும் இரு தரப்பும் பொதுவில் வைப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

இன்னொரு தடை மாநில எல்லை. சின்னாறு கேரளத்தின் அனுமதியிலும் அதை ஒட்டிய அமராவதி வனச்சரகம் தமிழ்நாட்டின் அனுமதியிலும் இருக்கின்றன. ஆற்றின் ஒரு கரையில் ஆய்வு செய்தவர் மறுகரைக்கு வேறு மனு போட வேண்டும். விளைவு, 'கேரளத்திலிருந்து மட்டுமே அறியப்பட்டது' என்ற வரி. தேள் அங்கே மட்டும் இருப்பதாக அந்த வரிக்குப் பொருள் கொள்ளக்கூடாது. தேடியது அங்கே மட்டும் என்பதே பல நேரம் அதன் பொருள்.

முடிவாக

இந்த மலைப்பகுதியில் புதிய தேள்கள் இன்னும் கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. நிலமும் தேளின் இயல்பும் அதைத்தான் சொல்கின்றன. நமக்குக் குறைவது கண்டுபிடிப்பு அன்று, ஒப்பீடு. அதற்கு மூன்று வேலைகள் நடக்க வேண்டும். கேரள, தமிழக வனத்துறைகள் ஆனைமலைத் தொடர் முழுவதற்கும் ஒரே ஆய்வு அனுமதி வழங்க வேண்டும். பழைய பெயர்கள் பிறந்த இடங்களுக்குத் திரும்பிப் போய் இருபால் தேள்களையும் சேகரித்து, உடலளவும் மரபணுவும் சேர்த்துப் பதிய வேண்டும். சரணாலயத்துக்கு வெளியே உள்ள தரிசையும் பாறையையும் ஆய்வுக்குள் கொண்டுவர வேண்டும்.

வாசகர்களும் இதில் கை கொடுக்கலாம். தோட்டத்தில் கல்லைப் புரட்டும்போது தேள் கண்டால் அடிக்காமல் விலகி நின்று படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து உயிர்ப்பன்மை இணையதளங்களில் பதியுங்கள். கையால் தொடாதீர்கள். யாரையேனும் தேள் கொட்டி வியர்வையும் வாந்தியும் கை கால் சில்லிடுதலும் கண்டால் மந்திரத்துக்கும் பச்சிலைக்கும் நேரம் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முடிந்தால் தேளின் படத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.